கேஸ் ஷீட் கிளவுடுக்குப் போகிறது, பாண்டியம்மாளை எங்கே தேடுவது?

9 நவம்பர் 2024, காலை (கேள்வி, திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)

எங்கள் ஊரில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில் பேப்பரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது நெட் வழியாக வெளியூர் கம்ப்யூட்டரில், ஏற்றப் போகிறார்களாம். அம்மாவுக்கு 12 வருஷத்து சுகர் ஃபைல் இருக்கு. நெட் போனால் டாக்டர் என்ன செய்வார்? எவனாவது திருடினால்? மதுரை டவுனுக்குள் சரி, நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு இது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து.

9 நவம்பர் 2024, இரவு

தேவையில்லாத வேலை என்கிறவர் ஒரு நாள் எங்கள் ரெக்கார்ட் ரூமுக்குள் வந்து நின்று பார்க்கட்டும்.

வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி, 60 படுக்கை. 19 வருஷமாக அங்கே கேஸ் ஷீட்டோடு மாரடிக்கிறவன் நான். மாடிப்படிக்குக் கீழே அறை. மாசா மாசம் ஐ.பி. (உள்நோயாளி) நம்பர் வரிசையில் அடுக்கி, சணலில் கட்டி, மூலைக்கு மூலை பாச்சை உருண்டை போடுவோம். அப்படியும் ராமபாணப் பூச்சி சரியாக நடுப்பக்கத்தில்தான் ஓட்டை போடும். அதைவிட மோசம் ஈ.சி.ஜி. தாள். சூடு பட்டால் கருக்கிற தாள் அது. ஜெராக்ஸ் எடுத்து வைக்காவிட்டால் சில வருஷத்தில் கோடு மறைந்து வெறும் கட்டம்தான் மிஞ்சும். நெஞ்சு வலியென்று வந்தவரிடம் பழைய ஈ.சி.ஜி. என்று கட்டத்தை நீட்டியிருக்கிறேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதிப்படி உள்நோயாளி ஆவணத்தை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த 72-ல் 70 மணி நேரம் தேடுகிற வேலைதான்.

எங்கள் இடத்தில் இந்த ஜூன் மாசம் ஓ.பி.யும் செப்டம்பரில் வார்டும் மாறியாச்சு. நெட் போனால் என்ன என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. இதில் இருக்கிற ஒரே பெரிய பிரச்னை அதுதான்.

11 நவம்பர் 2024

நெட் கதை. ஒரு லைன் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று நிர்வாகம் இரண்டு கம்பெனியிடம் லைன் வாங்கியது. அக்டோபரில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று, பாரம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பிதுங்க வந்து, ஆஸ்பத்திரி முக்கில் திரும்பியது. கம்பத்திலிருந்து கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு லைனும் போச்சு. போய்ப் பார்த்தால் இரண்டு கம்பெனி கேபிளும் ஒரே கம்பத்தில், ஒரே கொக்கியில். பில் மட்டும்தான் இரண்டு.

அன்று மத்தியானம் முழுக்க மருந்தக தம்பியின் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஆஸ்பத்திரி ஓடியது. நடுவில் அவனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் லேப் ரிசல்ட் நிற்கும்.

கரன்ட் பற்றிக் கேட்டால், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அதற்கு ஜெனரேட்டர் இருக்கு. அது பழைய பழக்கம்.

12 நவம்பர் 2024

அப்படியானால் சொந்த சர்வரே வைத்துக்கொள்ளலாமே என்கிறார் திருமங்கலத்துக்காரர். வைத்திருந்தோம் ஐயா, பில் போட மட்டும். அதற்கு பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க் எங்கே இருந்தது? அதே மேஜையில், சர்வருக்கு மேலேயே. ஒரு ஐப்பசி மழைக்கு மேற்கூரை ஒழுகி இரண்டும் சேர்ந்தே நனைந்தன.

15 நவம்பர் 2024

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் கேட்டது: "மேகத்துல ஏத்துறாங்கன்னா, மழைக்காலத்துல நெறையா எறங்குமோ?" மும்பையிலோ ஹைதராபாத்திலோ சென்னையிலோ ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்தான் அண்ணே என்றேன். "அப்ப வாடகைக்கு எடுத்துருக்கோம்னு சொல்லு" என்றார். கம்பெனிக்காரர் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியதைவிட இது தெளிவு.

24 நவம்பர் 2024

திருட்டு பற்றி. டெல்லி எய்ம்ஸில் அந்த ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வேலை) தாக்குதல் நடந்து நேற்றோடு 2 வருஷம். 2022 நவம்பர் 23. நாட்டிலேயே பேர்பெற்ற ஆஸ்பத்திரி, ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதி ஓட்டினார்கள். "பார்த்தீர்களா கிளவுடின் லட்சணத்தை" என்று இதைக் காட்டி எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பூட்டப்பட்டவை எய்ம்ஸின் சொந்த சர்வர்கள், ஐந்து. நெட்வொர்க்கைச் சரியாகத் தடுத்துப் பிரிக்காமல் விட்டதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியது. பேப்பரைக் கரையான் தின்றால் பத்திரிகையில் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்காக வாடகை இடம் பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. சாவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பது இருக்கே, எங்கள் வார்டில் நடந்ததைப் பிறகு எழுதுகிறேன், சிரிப்பீர்கள்.

8 டிசம்பர் 2024

முதல் நாள் நான் எழுதியதைத் திருத்த வேண்டும். நெட் பிரச்னைதான், ஆனால் பெரிய பிரச்னை அது இல்லை. நெட் போனால் போச்சு என்று எல்லோருக்கும் தெரிகிறது. இந்த வாரம் நடந்தது வேற மாதிரி.

டிசம்பர் 3, செவ்வாய், கர்ப்பிணிகள் வரும் நாள். பிரசவ வார்டு சிஸ்டர் போன் பண்ணினார்: "அண்ணே, ஒங்க கம்ப்யூட்டர்ல இந்தப் புள்ளைக்கு கர்ப்பப்பைய எடுத்தாச்சுன்னு போட்டுருக்கு. எட்டு மாச வயித்தோட என் முன்னாடி உக்காந்திருக்கு. நான் யாரைண்ணே நம்பட்டும்?"

ஓடினேன். எஸ். பாண்டியம்மாள், வயசு 26. கூடவே துணைக்கு வந்திருந்த மாமியார், அவரும் எஸ். பாண்டியம்மாள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பெண் கட்டியிருப்பது தாய்மாமனை. பிறந்தபோது பாட்டி பெயரை வைத்திருக்கிறார்கள். மாமனைக் கட்டியதும் பாட்டியே மாமியார். பாட்டியின் வீட்டுக்காரர் சோலை, பெண்ணின் வீட்டுக்காரர் சோணை. இனிஷியலும் ஒன்று. ஒரே வீடு, ஒரே கதவு எண், வீட்டுக்கு இருப்பது ஒரு போன். பில் சர்வரிலிருந்து பழைய விவரத்தை ஏற்றியபோது பாட்டியின் வயசுக் கட்டம் காலி. கட்டணக் கவுண்டரில் புதுப் பையனிடம் மெஷின் கேட்டிருக்கிறது: இந்த இருவரும் ஒருவரா? பெயர், இனிஷியல், போன், முகவரி எல்லாம் பொருந்துகிறது. ஆம் என்று அமுக்கிவிட்டான். நானாக இருந்தாலும் அமுக்கியிருப்பேன்.

கர்ப்பப்பை விஷயம் கண்ணுக்குத் தெரிகிற தப்பு, வயிறே சாட்சி. நான் பயந்தது வேறொன்றுக்கு. அந்தப் பக்கத்தில் மேலே வலது மூலையில் ஒரு ரத்தப் பிரிவு இருந்தது. அது யாருடையது? பிரசவ நேரத்தில் அதைப் பார்த்து யாரும் ரத்தம் ஏற்றிவிட மாட்டார்கள், நோயாளி ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று குறுக்குப் பொருத்தம் பார்க்காமல் ரத்த வங்கி வழக்கமாகக் கொடுக்காது. ஆனாலும் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. லேபுக்குப் போய்ப் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன். பாட்டியுடையது.

காகிதத்தில் இதே தப்பு நடக்காதா? நடந்திருக்கு, பலமுறை. இரண்டு பேர் தாள் ஒரே அட்டைக்குள் போயிருக்கும். டீ ஆறுவதற்குள் பிரித்துக் கட்டிவிடுவேன். இங்கே சேர்க்கப் பட்டன் இருக்கிறது, பிரிக்கப் பட்டன் இல்லை. கம்பெனிக்கு டிக்கெட் (புகார்) போட வேண்டுமாம். நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் பிரசவ வார்டில் அந்தப் பெண்ணுக்குக் காகித அட்டைதான். சிஸ்டர் அதன் மேல் சிவப்பு மையில் "சின்ன" என்று எழுதி வைத்திருந்தார்.

9 டிசம்பர் 2024

"எழுத்தைச் சரியாகப் போட்டால் போதுமே" என்று ஒரு நண்பர். எந்த எழுத்தை? எங்கள் சாஃப்ட்வேரில் பெயர் ஆங்கிலத்தில்தான் ஏறும். பாண்டியம்மாளை ஒய் போட்டு எழுதலாம், போடாமல் எழுதலாம். எம் இரண்டு, எம் ஒன்று. கடைசியில் எல் உண்டு, இல்லை. வேறு சில புண்ணியவான்கள் டி-க்குப் பிறகு எச் சேர்ப்பார்கள். இனிஷியல் முன்னே, பின்னே. கல்யாணத்துக்கு முன் அப்பா எழுத்து, பிறகு வீட்டுக்காரர் எழுத்து. போன வாரம் தேடியதில் ஒரே அம்மா ஐந்து பேராக இருந்தார். ஐந்து பேருக்கும் பிறந்த நாள் ஜனவரி 1. வயசு மட்டும் சொன்னால் மெஷின் தானாக ஜனவரி 1 போட்டுக்கொள்ளும். எங்கள் தாலுகாவில் பாதிப் பேர் புத்தாண்டில் பிறந்தவர்கள்.

10 டிசம்பர் 2024

ஆபா அட்டை இதற்குத்தானே வந்தது என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். ஆமாம். 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் தொடங்கிய டிஜிட்டல் ஹெல்த் மிஷனில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் 14 இலக்க எண். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். பலரும் நினைப்பதுபோல நம் ஃபைல்கள் எல்லாம் டெல்லியில் ஒரே பெட்டியில் போய்ச் சேர்வதும் இல்லை. அந்தந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கும், நாம் சம்மதம் கொடுத்தால் இன்னொரு ஆஸ்பத்திரி கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

ஆனால் அது கட்டாயம் இல்லை, எல்லோரிடமும் இல்லை. எடுத்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால் ஓ.டி.பி. மகன் செல்லுக்குப் போகும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், ஷிஃப்டில் செல்லைத் தொடக்கூடாது. "சாயங்காலம் கேட்டுச் சொல்றேன் தம்பி" என்று எழுந்து போய்விடுவார்கள். அடுத்த முறை வரும்போது வேறு நம்பர்.

சின்னப் பாண்டியம்மாளைக் காப்பாற்றியது வேறு எண். கர்ப்பம் பதிவானதும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளம் மூலம் கொடுக்கிற 12 இலக்க ஆர்.சி.எச். (தாய் சேய் நல) எண். அது இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்று வாங்க முடியாது என்பதால் கிராமத்தில் எல்லாப் பெண்ணும் அதைப் பத்திரமாக வைத்திருப்பாள். ஓர் எண்ணால் அவர்களுக்குக் காரியம் ஆகிறது என்றால் அந்த எண் தொலையாது. ஆபாவுக்கு அந்த மாதிரி ஒரு காரியம் இன்னும் எங்கள் ஊரில் வரவில்லை.

21 டிசம்பர் 2024

சாவி கதை. வார்டில் ஒவ்வொரு சிஸ்டருக்கும் தனி லாகின் கொடுத்தோம். யார் எப்போது என்ன எழுதினார் என்று மெஷின் குறித்துக்கொள்ளும், காகிதத்தில் இல்லாத வசதி என்று நானே கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். இரண்டு மாசம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஆண்கள் வார்டில் மூன்று ஷிஃப்டும் ஒரே சிஸ்டர் எழுதியிருக்கிறார். அவர் அப்போது பேறுகால விடுப்பில் வீட்டில் இருக்கிறார். அவருடைய பாஸ்வேர்ட் மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கு.

சத்தம் போடத்தான் போனேன். இராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். 22 நோயாளி, இரண்டு சிஸ்டர், ஒரு கம்ப்யூட்டர், அதுவும் வார்டின் அந்தக் கோடியில். ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைய ஒன்றரை நிமிஷம். பி.பி. பார்த்ததை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார்கள், ஷிஃப்ட் முடிகிறபோது வரிசையில் நின்று ஏற்றுகிறார்கள். முன்னே கட்டில் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் ஒரே தடவை எழுதினார்கள். இப்போது கையிலும் மெஷினிலுமாக இரண்டு தடவை. நாம் பேப்பரை ஒழித்தோம் என்று சொல்கிறோம். அது அவர்கள் உள்ளங்கைக்கு மாறியிருக்கு.

இப்போது சக்கர மேஜையில் இரண்டு லேப்டாப் வாங்கியிருக்கு. ஒன்றின் சக்கரம் ஏற்கனவே போச்சு.

18 ஜனவரி 2025

அலங்காநல்லூர் முடிந்த மறுநாளே எழுத நினைத்தேன், முடியவில்லை. 16-ஆம் தேதி ஜல்லிக்கட்டு. பெரிய குத்து எல்லாம் அங்கேயே முதலுதவி பார்த்து 108-ல் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். எங்களிடம் வருவது கை பிசகியவர்கள், மாட்டைப் பிடித்துக் கூட்டிப்போகும்போது கயிறு இழுத்து விழுந்தவர்கள், வேடிக்கை பார்க்க ஏறிய இடத்திலிருந்து விழுந்தவர்கள்.

காயம் என்றால் ஏ.ஆர். போட வேண்டும், விபத்துப் பதிவேடு. எப்படிக் காயம், எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தது, அடையாளத்துக்கு இரண்டு மச்சம். மூன்று மணிக்கு நெட் போச்சு. கேபிள் அறுந்துபோகவில்லை, அந்த வட்டாரத்தில் அன்று எல்லோரும் செல்லைத் தூக்கிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், ஹாட்ஸ்பாட்டும் நகரவில்லை. நெட் இல்லாத நேரத்துக்கென்று நம்பர் போட்டு வைத்திருந்த காகிதப் படிவத்தை எடுத்தோம். 14 ஏ.ஆர். கையால். இதுவரை நன்றாகத்தான் போச்சு.

இராத்திரி நெட் வந்ததும் பையன் உட்கார்ந்து பதினாலையும் ஏற்றினான். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "ஏன் சார், பதினாலு பேரும் 9.40-க்கும் 10.15-க்கும் நடுவுலயா விழுந்தாய்ங்க?" மெஷின் போட்டது அவன் தட்டிய நேரம். காயம்பட்டவர் வந்த நேரம் என்று தனிக் கட்டம் இருக்கு, கட்டாயம் இல்லை என்பதால் அவன் விட்டுவிட்டான். ஒரு மச்சத்துக்குத்தான் இடம் என்பது இன்னொரு கூத்து.

கையால் எழுதிய தாள்கள் இருந்ததால் தப்பித்தோம். கோர்ட்டுக்குப் போனால் கம்ப்யூட்டர் பிரிண்ட்டுக்கு சான்றிதழ் வேண்டும். முன்னே சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு. இப்போது அந்தச் சான்றிதழில் இரண்டு பகுதி, பொறுப்பில் இருப்பவர் ஒன்று, கம்ப்யூட்டர் வல்லுநர் ஒன்று கையெழுத்துப் போட வேண்டும், கோப்பு மாறவில்லை என்று காட்டுகிற ஹாஷ் மதிப்பும் குறிக்க வேண்டும். இதை எழுதிக் கொடுக்க யார் வருவார் என்று கம்பெனியிடம் கேட்டிருக்கேன். பதில் இல்லை.

2 பிப்ரவரி 2025

"அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கிராமத்துப் பார்வை மையத்தில் உட்கார்ந்தே வீடியோவில் டாக்டரைக் காட்டுகிறதே, நீங்கள் ஏன் முனகுகிறீர்கள்?" நல்ல கேள்வி. 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியவர்கள், அவர்கள் வேலைமுறையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும்: கண்ணுக்கு ஒரே படிவம். வலது, இடது, பார்வை அளவு, அழுத்தம். எங்களிடம் காலையில் தேள் கடி, அடுத்தது பிரசவம், அடுத்தது கட்டிலிலிருந்து விழுந்த தாத்தா. பணத்தைக் கொட்டினாலும் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது. இங்கிலாந்தில் நாட்டு ஆஸ்பத்திரிகள் முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர் திட்டம் என்று 2002-ல் தொடங்கி 2011-ல் கலைத்தார்கள்.

டாக்டர்கள் பக்கம் ஒரு வார்த்தை. பெரியவர் ஒருவர் இன்னும் கையால்தான் எழுதுகிறார், பக்கத்தில் ஒரு பெண் தட்டுகிறாள். அவர் எழுத்து புரியாது, ஆனால் ஒவ்வொரு நாளும் புதுசாக எழுதுவார். இளைய டாக்டர்கள் நேற்றைய குறிப்பை அப்படியே இழுத்து இன்று ஒட்டுகிறார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் குறிப்பில் "ஆபரேஷனுக்குத் தயார்" என்று இருந்தது. அந்த நோயாளி அதைப் படிக்கத் தெரிந்தவர், ஓய்வுபெற்ற வாத்தியார். "இன்னொண்ணா?" என்று கேட்டார்.

9 மார்ச் 2025

பெயர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். எங்களுக்கு முன்னே ஓ.பி. சீட்டுக் கவுண்டரில் ஒரு அக்கா இருந்தார், இப்போது ஓய்வு. கணினிக்கு முந்தைய அவருடைய பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலில்: "டீக்கடை", "கிழக்குத் தெரு", "பெரிய", "பூசாரி மக". பாண்டியம்மாள் என்று வந்தால் அந்த அக்கா போன் நம்பர் கேட்கவே மாட்டார். "யாரு வீட்டுப் புள்ளத்தா நீ?" அதுதான் அவருடைய தேடல் பட்டன். 14 இலக்கமும் 12 இலக்கமும் வருவதற்கு முன் ஆஸ்பத்திரியை நடத்தியது அந்தப் பென்சில்.

கம்பெனியிடம் கெஞ்சி "அழைக்கும் பெயர்" என்று தமிழில் ஒரு கட்டம் வாங்கிவிட்டேன். கூடவே வயசு 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, வயசே இல்லாவிட்டாலோ சேர்க்கப் பட்டன் வராது. இந்த எட்டு மாசத்தில் நான் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

30 மார்ச் 2025

உருப்படியான வேலை என்று எழுதினேன் அல்லவா. வெள்ளிக்கிழமை ஒருவர் டிஸ்சார்ஜ் சம்மரியைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். "எவன்யா எங்க வீட்டைச் சண்டைக்கார வீடுன்னு அடிச்சது?" கவுண்டர் பையன் ஊரில் சொல்கிற பெயரை அப்படியே ஏற்றியிருக்கிறான், அது அச்சிலும் வந்து, அவர் அதை இன்சூரன்சுக்கும் கொடுத்திருக்கிறார். அவர் போட்ட சத்தத்தில் பையன் எழுதியது தப்பில்லை என்று வார்டு முழுக்கத் தெரிந்துபோச்சு.

அக்காவின் பென்சில் எழுத்து கவுண்டரைத் தாண்டியதில்லை. இதை நான் யோசிக்கவில்லை. இப்போது அந்தக் கட்டம் கவுண்டரில் மட்டும் தெரியும், அச்சில் வராது.

27 ஏப்ரல் 2025

சின்னத் திருத்தம். முதல் நாள் 3 வருஷம் என்று எழுதியதை வைத்து யாரும் கட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்டதை வழக்கு முடியும்வரை வைக்க வேண்டும். எங்களிடம் அது தனி பீரோ, சாவி என் இடுப்பில்.

பழையதை எல்லாம் ஸ்கேன் பண்ணினீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை. தொடங்கி ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டோம். நோயாளி திரும்ப வந்தால் அவருடையதை மட்டும் எடுத்து ஏற்றுகிறோம். வராதவருடையது கயிற்றோடு தூங்கட்டும்.

16 நவம்பர் 2025

இந்தக் கேள்வி-பதில் இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், கேட்டவரே எழுப்பிவிட்டார். அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியும் மாறிவிட்டதாம். 2023 தனிநபர் தரவுச் சட்டத்துக்கான விதிகள் இந்த வாரம் அறிவிக்கையாகிவிட்டன, பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி வரை அபராதம் என்று படித்துவிட்டு அம்மா ஃபைல் பத்திரமா என்கிறார். முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாசம் அவகாசம் இருக்கு. அந்த 18 மாசத்தில் உங்கள் ஆஸ்பத்திரியிடம் கேட்க வேண்டியது 250 கோடி பற்றி இல்லை. கம்பெனியை மாற்றினால் எங்கள் விவரத்தை எந்த வடிவத்தில் வாங்கிக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். பில் சர்வர் கம்பெனியை விட்டபோது எங்களுக்கு ஒரு பெரிய கோப்பைக் கொடுத்தார்கள். எந்தக் கட்டம் எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி விளக்கம் இல்லை. பாட்டியின் வயசு காணாமல் போனது அங்கேதான்.

அம்மாவின் 12 வருஷத்து மஞ்சப்பையைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் நாளே எடுத்துப்போய், அலர்ஜி, ஆபரேஷன், ரத்தப் பிரிவு மூன்றையும் உங்கள் கண் முன்னால் ஏற்றச் சொல்லி, பிரிண்ட் வாங்கிப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

சின்னப் பாண்டியம்மாளுக்கு ஜனவரியிலேயே பெண் குழந்தை. தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது பெயர் கேட்டேன். நல்லவேளை, பாண்டியம்மாள் இல்லை.

இரண்டாவது நெட் லைன் இன்னும் அதே கம்பத்தில்தான் தொங்குகிறது. வேறு வழியாக இழுத்துத் தருகிறேன், திங்கள்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். எந்தத் திங்கள்கிழமை என்று கேட்கத்தான் மறந்துவிட்டேன்.